தலையில்லாப் பிராணியின் கெட்டிக்காரத்தனம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டிவலியால் பதில் தாமதம் என்று எழுதத்தான் நினைத்தேன். முட்டிக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். சோம்பல்தான்.

"பாறையில் ஒட்டிக் கிடக்கும் மஸல் சிப்பிக்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது, பாவம், எப்படிப் பிழைக்கிறது?" என்று உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாய். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. ஈடர் என்ற கடல் வாத்து ஓட்டோடு விழுங்கி வயிற்றுக்குள் அரைத்துவிடும். நண்டு இடுக்கியால் நொறுக்கும். நட்சத்திர மீன் செய்வதுதான் கொடூரம். இரண்டு ஓடுகளையும் பற்றி விடாமல் இழுக்கும். மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், தன் இரைப்பையையே வெளியே தள்ளி உள்ளே நுழைத்து, சிப்பியை அதன் வீட்டிலேயே வைத்துச் செரித்துவிடும்!

ஓட்டில் துளைபோடும் கடல் நத்தை ஒன்று உண்டு. ரசாயனத்தைச் சுரந்து ஓட்டை இளக்கி, அரம்போன்ற நாக்கால் சுரண்டும். ஒரு துளைக்கு நாள்கணக்கில் ஆகும். அந்த அவகாசம் சிப்பிகளுக்குப் போதும். பாறையைப் பற்றிக்கொள்ளச் சுரக்கும் அதே நூலை நத்தையின்மேல் ஒட்டி, அக்கம்பக்கத்துச் சிப்பிகளும் சேர்ந்து கட்டிப்போட்டுவிடும். நகர முடியாமல் நத்தை பட்டினியில் சாகும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, போ.

இன்னொரு விஷயம், வாசனை. தண்ணீரில் நண்டின் வாடை கலந்தால் சிப்பி தன் ஓட்டைத் தடிப்பாக்கும். நட்சத்திர மீனின் வாடை என்றால் ஓட்டை மூடிப்பிடிக்கும் தசையை வளர்க்கும். தலையே இல்லாத பிராணிக்கு ஆள் பார்த்து மருந்து கொடுக்கத் தெரிந்திருக்கிறது. ஆசியாவின் கரையோர நண்டு ஒன்று 1988-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. அது குடியேறிய பகுதிச் சிப்பிகள் பதினைந்தே ஆண்டுகளுக்குள் அதன் வாடைக்கு ஓட்டைத் தடிப்பாக்கக் கற்றுவிட்டன. 2006-இல் வெளியான ஆய்வின்படி, நண்டு அப்போது எட்டியிராத வடக்குப் பகுதிச் சிப்பிகளிடம் அந்தப் பழக்கம் இல்லை.

ஆனால் 'பாவம்' என்று மட்டும் பேத்தியிடம் சொல்லாதே. 1960களில் ராபர்ட் பெய்ன் என்ற விஞ்ஞானி வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைப்பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைப் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தார். காவலன் போனதும் சிப்பிகள் பாறை முழுவதையும் ஆக்கிரமித்து, அங்கே வாழ்ந்த பதினைந்து வகை உயிர்களை எட்டாகக் குறைத்துவிட்டன. சாது என்று நாம் நினைத்ததுதான் மிரட்டல்காரனாகிவிட்டது.

கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயா? இந்தக் கடிதத்தை நீயே படித்தாயா, பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னாயா? அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்