சான் ஃபெர்னாண்டோவிலிருந்து கவிக்கு

அன்புள்ள கவி,

நலம். நீயும் அத்தையும் குட்டியும் நலம்தானே? எங்கள் பிற்காலப் பரிசுத்தவான்கள் (மார்மன்) சபையின் மிஷனில், அதாவது இந்த ஊழியப் பயணத்தில், திங்கட்கிழமை ஓய்வு நாள். துணி துவைத்து, சந்தைக்குப் போய் வந்து, அம்மாவிடம் வீடியோவில் பேசியும் ஆயிற்று. மாலை ஆறு மணிக்குத் திரும்பவும் ஊழியம். அதற்குள் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

சுதா கல்யாணப் போட்டோ பார்த்தேன். மாப்பிள்ளை நம் எட்டாம் நம்பர் பஸ்தானே? மறைக்காதே. மணிமேகலை மிஸ் வந்தார்களா? வந்ததும் உன்னைத்தானே முதலில் திட்டியிருப்பார்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கிளம்பும்போது ஒன்று கேட்டாய். "பிலிப்பைன்ஸில் பத்துப் பேரில் எட்டுப் பேர் கத்தோலிக்கர். ஏற்கனவே இயேசுவைக் கும்பிடுகிறவர்களிடம் போய் நீ என்னடி புதிதாகச் சொல்லப் போகிறாய்?" டிசம்பர் முழுக்க அந்தக் கேள்வி என்னைத் துரத்தியது.

இங்கே செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்துவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை விடிகாலை நான்கு மணிவாக்கில் பூசை. நாங்கள் ஆறரைக்கு எழுந்திருக்கும்போது தெருவே பூசை முடிந்து, வாழையிலையில் சுட்ட பிபிங்கா என்ற அரிசி கேக் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கும். சான் ஃபெர்னாண்டோ நட்சத்திர விளக்குகளுக்குப் பெயர் போன ஊர். இதை இ.இ.இ. படித்த நீ பார்க்க வேண்டும் கவி! இருபது அடி அகல விளக்கு, உள்ளே ஆயிரக்கணக்கில் பல்பு. பின்னால் நின்று பெரிய இரும்பு டிரம்களைக் கையால் உருட்டுகிறார்கள். டிரம்மின் மேல் டேப் ஒட்டிய இடத்தில் மின்சாரம் பாயாது, ஒட்டாத இடத்தில் பாயும். அந்தக் கணக்கை வைத்தே பாட்டுக்குத் தகுந்தபடி விளக்கை ஆடவிடுகிறார்கள். எங்கள் சபையில் ஒருவரின் சித்தப்பா பட்டறையில் டேப் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். என்னோடு ஜோடியாக ஊழியம் செய்யும் கம்பானியன்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

இந்த மாதத்தில் யாரும் எங்களுக்குக் கதவைச் சாத்துவதில்லை. உட்காரவைத்து முதலில் சாப்பாடு போடுவார்கள். பாடம் கேட்கத்தான் நேரம் இருக்காது. கம்பானியனுக்கு அது பெரிய குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் ஒரு பாட்டி.

பாட்டி பகோலோர்க்காரர். பக்கத்து ஊர்தான். 1991-ல் பினாதுபோ எரிமலை வெடித்தபோது மலையில் குவிந்த சாம்பல், அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் சேறாக இறங்கி வந்திருக்கிறது. 1995-ல் பகோலோரே புதைந்துபோனது. அங்கே சான் கில்லெர்மோ தேவாலயம் இன்னமும் பாதி உயரம் மண்ணுக்குள்தான் இருக்கிறது. பாட்டியின் வீடும் அந்தச் சேற்றில் போய், குடும்பம் இங்கே குடியேறியது. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அந்தப் பணத்தில்தான் பேரன் மணிலாவில் படிக்கிறான். தினமும் பூசைக்குப் போகும் பாட்டி எங்கள் சபைக்கு வரப்போவதில்லை, முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஆனாலும் நாங்கள் தண்ணீர் பிடித்துக் கொடுக்கவும், கால் வலிக்குத் தைலம் தேய்க்கவும் போய்க்கொண்டிருந்தோம்.

24-ந் தேதி ராத்திரிப் பூசை முடிந்து, பன்னிரண்டு மணிக்குக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். எங்களுக்கோ ஒன்பதுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கட்டுப்பாடு. அதைத் தெரிந்துகொண்டு பாட்டி என்ன செய்தார் தெரியுமா? விருந்தை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார்! இத்தனை வருஷத்தில் முதல் முறையாம். இனிப்பு ஸ்பாகெட்டி, பான்சித் நூடுல்ஸ், கொஞ்சம் ஹாம். நாங்கள் காபி குடிக்க மாட்டோம் என்று கெட்டியாகக் கொக்கோ காய்ச்சி வைத்திருந்தார். சாப்பிடும் நேரத்தில் மகள் வீடியோவில் வந்தாள். அவள் வேலை செய்யும் வீட்டிலும் அன்று விருந்து. சமையலறையில் நின்றபடி ஐந்து நிமிஷம் பேசினாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், நான் வரும்வரை அம்மாவைப் போய்ப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை கவி. ஆறு வாரத்துக்கு ஒரு முறை எங்களில் சிலரை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். ஜனவரியில் என் முறை வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாட்டிதான் போனை வாங்கி, "அவர்கள் இருக்கும்வரை வருவார்கள்" என்று பேச்சை மாற்றினார்.

சின்ன வயதில் நாங்கள் குடும்பத்தோடு எங்கள் சபையின் ஹாங்காங் ஆலயத்துக்குப் போய் வந்தோம், உனக்குப் பென்சில் பாக்ஸ்கூட வாங்கி வந்தேனே. அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று எங்களை என்றென்றைக்கும் ஒரே குடும்பமாக அங்கே முத்திரித்தார்கள். சாவுகூடப் பிரிக்காது என்பது எங்கள் நம்பிக்கை. நீ கேட்ட 'புதிது' அதுதான், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அன்று பாட்டி கணவரின் போட்டோவை மேஜையில், ஒரு நாற்காலிக்கு நேராக வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு அவரே கேட்டார், நான் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு ராத்திரிப் பூசைக்குக் கிளம்பிப் போனார். அவர் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மகள் ஊர் திரும்ப வேண்டும் என்றுதான் ஜெபித்தேன்.

அண்ணன் மிஷன் போயிருந்தபோது வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்குப் பேச முடியும், கிறிஸ்துமஸ் ஒன்று, அன்னையர் தினம் ஒன்று. 2019-ல்தான் வாராவாரம் பேசலாம் என்று ஆக்கினார்கள். அண்ணன் போனை வைத்ததும் அம்மா ஏன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இன்று அம்மாவிடம் அதைச் சொன்னேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா?" என்றார்.

மாற்றம் வந்தால் அடுத்து வரும் சிஸ்டர்களைப் பாட்டி வீட்டுக்கு நானே கூட்டிப் போய் அறிமுகம் செய்ய வேண்டும். அதற்கு நேரம் கிடைக்குமா தெரியாது, அதனால் எங்கள் ஏரியா நோட்டில் தைலம் முதற்கொண்டு எல்லாம் எழுதி வைத்துவிட்டேன்.

அப்புறம், பாட்டி நம் ஊர் இனிப்பு கேட்கிறார். அத்தையிடம் தேங்காய் பர்பி பக்குவம் கேட்டு உடனே எழுது. தேங்காய்க்கு இங்கே பஞ்சமில்லை, நெய்தான் கிடைப்பதில்லை. வெண்ணெய் போட்டால் இறுகுமா என்றும் கேள்.

உன்
ஜெனி