எழுதறவங்க பேனாவ கீழ வெச்சிட்டா? சீரியல்காரங்களுக்கு சேலத்துல இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ் சேனல்கள்ல சீரியல் பிரிவ பாத்துக்கற பெரியவங்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கமுங்க.

எங்க செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை பாக்கற வீடுகள்ல சாயங்காலம் ஆனா கை வேலைல இருக்கும், காது டிவில இருக்கும். திரைய நிமிந்து பாக்காம வசனத்த மட்டும் கேட்டே மொத்தக் கதையும் சொல்ற அக்காங்க இருக்காங்க. நடிக்கறவங்க மாறினா 'இவருக்குப் பதில் இவர்'னு கார்டு போட்டு ஒப்பேத்திடறீங்க, எழுதறவர் மாறினா கார்டே கிடையாது, ஆனா ரெண்டே நாள்ல இவங்க கண்டுபிடிச்சிருவாங்க, ஏன்னா நேத்து வரைக்கும் வெவரமா இருந்த மருமக திடீர்னு கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேக்க ஆரம்பிச்சிருவா.

இப்படி ஒருத்தர் மாறினாலே இந்தக் கதின்னா, எல்லாரும் ஒண்ணா ஸ்ட்ரைக்னு உக்காந்துட்டா?

அமெரிக்காவுல டிவிக்கும் சினிமாவுக்கும் எழுதறவங்க உக்காந்தாங்க. 2007 நவம்பர்ல ஆரம்பிச்சு 100 நாள். ஹீரோஸ்னு ஒரு சீரியல், அதோட ரெண்டாவது சீசன் 11 எபிசோடோட நின்னுச்சு, வைரஸ் வெளிய பரவற மாதிரி போக வேண்டிய கதைய முடிவ மாத்தி எடுத்து அவசரமா மூட்டை கட்டினாங்க. ஃப்ரைடே நைட் லைட்ஸ் 22 வர வேண்டியது 15ல நின்னுச்சு, அடுத்த சீசன்ல அந்தரத்துல தொங்கின சங்கதிய பத்தி யாரும் வாயே தொறக்கல. பிரேக்கிங் பேட் முதல் சீசன் 9 ஆக வேண்டியது 7 ஆச்சு, அது எப்படியோ தப்பிச்சிருச்சு. 1988 ஸ்ட்ரைக்ல இன்னும் மோசம், ஸ்டார் ட்ரெக் புது சீசன ஆரம்பிக்க கதை இல்லாம, எழுபதுகள்ல எழுதி எடுக்காமயே விட்ட ஒரு ஸ்கிரிப்ட தூசி தட்டி எடுத்தாங்க.

அவங்களுக்கு வாரத்துக்கு ஒரு எபிசோடு. நம்மளுக்கு தெனமும் ஒண்ணு. காலைல வர்ற சீன மதியம் ஷூட் பண்றதெல்லாம் இங்க சாதாரணம்னு சொல்றாங்க, அப்படின்னா பேனா நின்ன ஒரே வாரத்துல டிவில தெரிஞ்சிரும். அப்பறம் என்ன, ஃப்ளாஷ்பேக் வரும், மகாசங்கமம் வரும், ஒருத்தர் கோமாவுல படுப்பார், கன்னத்துல விழற ஒரு அறைக்கு ஒம்போது பேர் மூஞ்சிய மூணு மூணு தடவ காட்டுவீங்க (இப்பவே அதத்தான பண்றீங்கன்னு எங்க சித்தி கேக்கறாங்க, அது வேற விஷயம்). 2020 ஊரடங்குல ஷூட்டிங் நின்னு பழைய எபிசோடா ஓட்டினீங்களே, அப்ப போன சில சீரியல் திரும்பி வரவே இல்ல.

ஏஐ வெச்சு எழுதிக்கலாம்னு யாராச்சும் நெனச்சா, 2023ல அந்த அமெரிக்க எழுத்தாளருங்க மறுபடியும் ஸ்ட்ரைக்னு 148 நாள் சண்ட போட்டதுல அதுவும் ஒரு முக்கிய காரணம். கடைசில ஏஐய எழுத்தாளரா கணக்குல எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கிட்டுதான் வேலைக்குப் போனாங்க.

எங்க ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற பழைய சினிமா ஸ்டுடியோவோட ஆர்ச் இன்னும் நிக்குதுங்க. 1950ல அவங்க எடுத்த மந்திரி குமரிக்கு வசனம் கலைஞர், வசனத்துக்காகவே ஜனம் தியேட்டருக்குப் போன காலம் அது. இப்ப எங்க தெருவுல வில்லி நடிகை பேரு எல்லாருக்கும் தெரியும், வசனம் எழுதறவர் பேரு ஒருத்தருக்கும் தெரியாது, டைட்டில்ல அவ்ளோ வேகமா ஓட்டறீங்க.

அதனால கேக்கறது இதுதான்: எழுதறவங்களுக்கு காசு நேரத்துக்குக் குடுங்க, பத்து எபிசோடாவது முன்கூட்டியே எழுத டைம் குடுங்க, டிஆர்பி ஒரு வாரம் எறங்கினதும் ராத்திரியோட ராத்திரியா டிராக்க மாத்தச் சொல்லி ஃபோன் போடாதீங்க. அந்த டைட்டில் கார்டயும் படிக்கற வேகத்துல விடுங்க.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை நேயர் ஒருத்தர், சேலம்