அம்மாவுக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். நீ, அப்பா, யாழினிக் குட்டி, தம்பி, கொல்லையில் நிற்கும் லட்சுமி உட்பட அனைவரும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

கோவிந்தராசு சித்தப்பா மகன் போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு வரச்சொல்லி உன் கடிதத்தையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்தான். ஊறுகாயின் எண்ணெயில் பாதி கடிதத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டேன். போனில் எதைக் கேட்டாலும் சரி சரி என்று வைத்துவிடுகிறாய், என்னதான் வேலை பார்க்கிறாய் என்று உட்கார்ந்து எழுது என்றிருந்தாய். சரி, உட்கார்ந்துவிட்டேன்.

பழைய பாலர் பராமரிப்பு நிலையத்தை விட்டுவிட்டு இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். சொந்த வீட்டிலேயே பிறர் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குத் துணையாக நிற்பது அதன் வேலை. அந்தத் திட்டத்துக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். தலைவி என்றதும் கார், சுழல்நாற்காலி என்று தம்பி எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு பை நிறையப் படிவங்கள், பொம்மைகள், முதலுதவிப் பெட்டி, ஒரு குடை. பஸ் ஏறி, லிஃப்ட் ஏறி, வீடு வீடாகப் போகிறேன். நீ எடைத் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போவாயே, அந்த வேலைதான். வரப்பும் சேறும் மட்டும் கிடையாது.

படித்துப் பட்டம் வாங்கிவிட்டுக் கடல் தாண்டிப் போய் ஆயா வேலையா என்று பெரியப்பா கேட்டாராமே. அவருக்கு அங்கேயே நீ பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் பிள்ளைகள் இரண்டும் உன் அங்கன்வாடியில் சத்துமாவு தின்று வளர்ந்தவைதானே? இங்கே வந்து பார்க்கட்டும். வங்கியில் நூறு பேரை மேய்க்கும் பெண் அதிகாரி, சாயங்காலம் ஏழரை மணிக்குத் தாமதமாக வந்துவிட்டு, குழந்தையை வைத்திருக்கும் பாட்டியின் வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்பாள்.

இந்த நாட்டுப் பிள்ளையைப் பெற்றவளுக்கு 16 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதோடு கணவனும் மனைவியும் பகிர்ந்துகொள்ள இன்னும் சில வாரம். அவையும் முடிந்ததும் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருந்தால் பிழைத்தாள். இல்லாவிட்டால் சிசுப் பராமரிப்பு நிலையம், அல்லது வீட்டோடு ஒரு வெளிநாட்டுப் பணிப்பெண், அல்லது அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒரு பாட்டி. அந்தப் பாட்டிகள் காலங்காலமாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள். யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. 2024 கடைசியில் அரசாங்கமே, 2 மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்காக, இப்படிப் பார்த்துக்கொள்பவர்களை வைத்து ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. அதன் பிறகுதான் இவர்களைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்கிறது. நாங்கள் அந்தத் திட்டத்துக்கு வெளியே இருப்பவர்களோடு வேலை செய்கிறோம்.

ரொகாயா மக்சிக் என்று ஒரு மலாய்க்கார அம்மா. மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. கூடத்தின் நடுவில் ஓர் இரும்புச் சட்டம் நிறுத்தியிருக்கிறார். அதன் உச்சியில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் பூப்போட்ட கைலித் துணியில் தூளி. குழந்தை சிணுங்கும்போதே வெங்காயம் உரித்தபடி காலால் ஒரு தட்டுத் தட்டுவார். தூளி மேலும் கீழுமாகக் குதித்து ஆடும், சிணுங்கல் அடங்கிவிடும். எங்கள் விதி என்ன சொல்கிறது தெரியுமா? கெட்டியான சமதள மெத்தையில், மல்லாக்க, தலையணை இல்லாமல் தூங்கவைக்க வேண்டும். தூளியில் முகவாய் நெஞ்சோடு மடிந்தால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு அடைபடலாம். விதி சரியானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் உத்தரத்தில் உன் சுங்குடிச் சேலையில் தூங்கி வளர்ந்தவள் போய், ஐந்து பிள்ளை வளர்த்தவரிடம், தூளியைக் கழற்றுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் முதலில் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு, "நீ எதில் தூங்கினாய்?" என்று கேட்டார். சொன்னேன். "செத்தா போய்விட்டாய்?" என்றார். சாயங்காலம் வரைக்கும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: அழுகையை அமர்த்தக் கண் முன்னால் வைத்து ஆட்டலாம், கண் சொருகும்போதே மெத்தைக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது குழந்தை விழித்துக்கொண்டால் திட்டு எனக்கு. போன் போட்டுத் திட்டுகிறார்.

செங்காங்கில் நம் தமிழ்ப் பாட்டி ஒருவர் இருக்கிறார். மூன்று தலைமுறையாக இங்கேதான். பிள்ளையிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று அந்தத் தாய் சொல்லிவிட்டாளாம், அவளும் தமிழச்சிதான். பாட்டி சரி என்று தலையாட்டிவிட்டு, தாய் லிஃப்டுக்குள் போனதும் "ஆராரோ" ஆரம்பித்துவிடுகிறார். இதை நான் படிவத்தில் எழுதவில்லை.

என் உண்மையான தலைவலி வேறு. நிலையத்தில் ஓர் ஆசிரியைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி இருப்பாள். வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று குடும்பத்துக்கு அன்றைக்கு வேலை போச்சு. அதற்குப் பயந்தே இவர்கள் உடம்புக்கு முடியாததை வெளியே சொல்வதில்லை. ஆகவே மாற்று ஆட்களின் பட்டியல் ஒன்று தயாரிக்கிறேன். குழந்தைக்கு முகம் பழகியவராக இருக்க வேண்டும், பக்கத்து பிளாக்கில் இருக்க வேண்டும், பெற்றோருக்குப் பிடிக்க வேண்டும். இதைவிடப் பெண் பார்ப்பது சுலபம். மாதம் ஒருமுறை எல்லோரையும் சமூக மன்றத்தில் கூட்டி உட்காரவைக்கிறோம். பயிற்சி என்றுதான் பெயர். வந்தவுடன் இரண்டு மணி நேரம் பேசித் தீர்க்கிறார்கள். நாள் முழுக்கப் பேசத் தெரியாத வாய்களோடு இருந்தவர்கள். பேசட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தாய். பொன்னி அரிசி கிடைக்கிறது, முருங்கைக்கீரை தேக்கா சந்தையில் கிடைக்கிறது, எதுவும் குறையில்லை. வெளிச்சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் மூன்று வேளையும் வீட்டுச் சோறுதான். இந்த ஊரில் குளிர் எல்லாம் ஆபீசுக்குள். வெளியே வியர்வையில் நனைந்து, உள்ளே போனால் நடுக்கம். நீ கொடுத்த சால்வை நாற்காலியிலேயே கிடக்கிறது.

பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவைப் பற்றி யாழினிக்குச் சொல், சிரிப்பாள். தாழ்வாரத்தில் யார் வீட்டுச் செருப்பு கோணலாகக் கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. விடியற்காலையில் எல்லோர் செருப்பையும் ஜோடி சேர்த்து, வாசலுக்கு முதுகு காட்டி வைத்துவிடுவார். ஒருநாள் கதவைத் தட்டி, என் இடது செருப்பு தேய்ந்துவிட்டது, மாற்று என்று மலாயில் திட்டினார். நல்ல செருப்புதான், இன்னும் ஆறு மாதம் தாங்கும். அவர் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறார், ஆனால் சமையலில் சேர்ப்பதில்லை. ஒரு கொத்துக்கு ஒரு தோசை என்று எங்களுக்குள் ஏற்பாடு. தோசை முறுகலாக இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

அறை மாற்றியதைத் தம்பி உளறிவிட்டான் போலிருக்கிறது. பழைய அறை எனக்குத் தேவைக்கு மேல் பெரிது, அவ்வளவுதான். இது சின்னது, பெருக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போவதே தெரியவில்லை. வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, நம் ஊர்ப் பேச்சு எங்கே கேட்கிறது என்று சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருப்பேன். மன்னார்குடிப் பக்கத்துப் பையன்கள் நின்று பேசினால் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

யாழினியை எப்போது கூட்டிப் போவாய் என்று கேட்டிருக்கிறாய். மாதச் சம்பளம் 6,000 வெள்ளி, அதாவது இந்த ஊர் டாலர், இருந்தால்தான் பெற்ற பிள்ளையை வைத்துக்கொள்ள இங்கே அனுமதி அட்டை தருவார்கள். அதிகம் குறையவில்லை. கொஞ்சம்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார்.

அவள் உன்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். திருத்தாதே அம்மா, கூப்பிடட்டும். போன வாரம் மக்சிக் வீட்டில் ஒரு குழந்தை, எட்டு மாதம் இருக்கும், என் விரலைப் பிடித்தபடி தூங்கிவிட்டது. உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. நான் படிவம் நிரப்ப வேண்டும். இடது கையால் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. மக்சிக் ஒன்றும் பேசாமல் என் மடியிலிருந்து படிவத்தை எடுத்து அவரே நிரப்பினார். யாழினிக்கு நகம் வெட்டுவதாக இருந்தால் தூங்கிய பிறகு வெட்டு. விழித்திருந்தால் கையை இழுத்துக்கொள்வாள், எனக்குத் தெரியும். தலைக்கு ஊற்றிய அன்று வெளியே விடாதே.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் என் வளையலை இப்போது மீட்க வேண்டாம், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வை. இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவாக இருக்கும். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அந்தப் பணத்தில் முதலில் அடுக்களைப் பக்கத்து ஓட்டை மாற்றச் சொல், ஐப்பசி மழை காத்திருக்காது. தம்பிக்கு வந்திருக்கும் வலங்கைமான் இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெண் வேலைக்குப் போவதை ராணி மதினி குறையாகச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. யாழினி அப்பா மார்ச்சில் குவைத்திலிருந்து விடுப்பில் வருகிறார், நிச்சயத்தை அதற்குள் வைக்கப் பாருங்கள்.

கடைசியாகப் பட்டா விஷயம். உட்பிரிவு அளக்க சர்வேயர் வரும் அன்று அப்பாவைத் தனியாக அனுப்பாதே. பெரியப்பா பேச ஆரம்பித்தால் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். தம்பியும் கூடப் போகட்டும், 1987 பாகப்பத்திரத்தின் நகலை மறக்காமல் எடுத்துக்கொள்ளட்டும். மூலப்பத்திரம் டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது, யார் கேட்டாலும்.

அன்புடன்,
உன் மகள் செல்வி