உன் முறை வந்துவிடும்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பாதி காற்றாகத்தான் வருகிறது, அப்படியும் வாய் ஓய்ந்தபாடில்லை.

மாற்றல் உறுதி, எந்த நாடு என்றுதான் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். வேலையைவிட சனி, ஞாயிறை நினைத்தால்தான் கலக்கமாக இருக்கிறது என்றும். இங்கே நான் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் விளையாட்டு) குழு ஒன்றை எப்படிச் சேர்த்தேன் என்று நீ கேட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சரி, உனக்கு உதவுகிற மட்டும் எழுதுகிறேன்.

விளையாட்டு உனக்கு ஓரளவு தெரியும். டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர் என்கிற ஆட்டத்தை நடத்துபவர், சூழ்நிலையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும். ஐந்தாம் பதிப்பில் சுலபமான காரியத்துக்குக் குறைந்தது 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதற்கு 20 வர வேண்டும். பாத்திரத்தின் திறமைக்கு உள்ள எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

புது நாட்டில் விருந்து, அலுவலகக் கூட்டாளிகளோடு அரட்டை என்று நீயும் போவாய். நான்கு பேர் அவர்கள் மொழியில் படபடவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீ மனசுக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். இந்த மேஜையில் அந்தத் தொல்லை குறைவு. சண்டைக் காட்சி என்றால் இனிஷியேட்டிவ் என்று முதலிலேயே பகடை உருட்டி, யாருக்குப் பின் யார் என்ற வரிசை முடிவாகிவிடும். உன் முறை வந்தால் அத்தனை பேரும் உன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். "கதவை உதைக்கிறேன்" என்று சொன்னால் போதும். இலக்கணம் தப்பினாலும் கதவு உடையும்.

சண்டை இல்லாத நேரத்தில்தான் சிக்கல். அப்போது வரிசை கிடையாது. நாக்கு நன்றாகப் புரள்கிற இரண்டு பேர் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மற்றவர்கள் பகடையை உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிஎம்மாக இருப்பவர் அங்கேயும் ஒரு சுற்று வைத்து, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு நர்ஸ் இருக்கிறார். ஆரம்பத்தில் எண்ணைச் சொல்வதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒருநாள் அவருடைய பாத்திரத்தைத் தனியாக ஒரு பூதத்தோடு ஒரே அறையில் மாட்டிவிட்டேன். பேசித்தானே ஆக வேண்டும்? பேசினார். பூதத்தை முகஸ்துதி செய்து சாவிக்கொத்தையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது பேரம் என்றால் குழுவே அவரைத்தான் முன்னே தள்ளுகிறது.

அதனால் என் கட்சி இது: மொழி சரளமாக வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காதே. டிஎம் பொறுப்பையும் நீயே எடுத்துக்கொள். திக்கித் திக்கி நடத்துகிற டிஎம்மைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும்.

எந்த விளையாட்டு என்பது நீ போகும் நாட்டையும் பொறுத்தது. டி அண்ட் டி 1974இல் அமெரிக்காவில் வந்தது, பெயர் எங்கும் தெரியும். ஆனால் சில நாடுகளில் அவர்களுக்கென்று ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் 1984 முதல் தஸ் ஷ்வார்ட்ஸ அவ்க. ஸ்வீடனில் 1982இல் வந்த டிராகார் ஓ டெமோனர். ஜப்பானில் கால் ஆஃப் கதுல்ஹூவுக்குத்தான் மவுசு. அதுவும் அமெரிக்க விளையாட்டுதான், 1981இல் வந்தது. இருபது முகப் பகடைக்குப் பதில் நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு. உள்ளூர்க்காரர்களின் குழுவில் இடம் கிடைத்தால் அவர்கள் ஆடுவதையே ஆடு. உன்னைப்போல வெளியிலிருந்து வந்தவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் டி அண்ட் டி வசதி. அதன் அடிப்படை விதித்தொகுப்பை 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலம் தவிர பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளிலும் கிடைக்கிறது. ஒரே மேஜையில் ஆளுக்கொரு மொழியில் விதியைப் படித்துக்கொள்ளலாம்.

ஆட்களுக்கு போர்டு கேம் கடை, நூலகம், மொழி வகுப்பு மூன்றையும் பார். எனக்கு மொழி வகுப்புதான் கைகொடுத்தது. அங்கே எல்லோரும் பேச ஆள் தேடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். "வாருங்கள், ஒரு கேம்பெயின் ஆடலாம்" என்று பல வாரம் நீளும் தொடர்கதைக்குக் கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள். ஒரே மாலையில் முடிகிற ஒன் ஷாட் என்று சொல். பாத்திரங்களை நீயே தயாரித்து வைத்துவிடு. பாத்திரத்தின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டைப் புதியவர்களை நிரப்ப வைத்தால் அதிலேயே பொழுது போய்விடும்.

இன்னொன்றை மட்டும் விட்டுவிடாதே. எக்ஸ் கார்டு என்று ஒரு ஏற்பாடு 2013இல் வந்தது. ஒரு அட்டையில் எக்ஸ் போட்டு மேஜை நடுவில் வைப்பார்கள். கதையில் ஏதாவது மனதை உறுத்தினால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். காரணம் கேட்கக் கூடாது, அந்தப் பகுதியை அப்படியே தாண்டிப்போக வேண்டும். முதலில் எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. பல நாட்டு ஆட்கள் உட்காரும் மேஜையில்தான் அதன் அருமை தெரிந்தது. யார் எந்த ஊரிலிருந்து எதைத் தாண்டி வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. நாம் ஜாலியாக ஒரு கிராமத்தை எரிப்போம், எதிரில் இருப்பவர் அதை நிஜமாகவே பார்த்திருக்கலாம். பழகாத மொழியில் அதையெல்லாம் அவர் விளக்க வேண்டுமா என்ன? விரலால் தொட்டால் முடிந்தது.

குழு உடைவது பெரும்பாலும் தேதியால்தான். விசா, ஷிஃப்ட், ஊருக்குப் போவது என்று வெளிநாட்டுக்காரர்களுக்குக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. "எல்லோருக்கும் எப்போது வசதி?" என்று கேட்கவே கேட்காதே, பதில் வராது. ஒரு கிழமையை நிறுத்திவிடு. ஐந்து பேரைச் சேர்த்து, மூன்று பேர் வந்தாலும் ஆடு. வராதவரின் பாத்திரத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். எங்கள் மந்திரவாதி நிரந்தர நோயாளி.

நீ எப்படியும் திருடன் பாத்திரம்தான் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். டிஎம் ஆகிவிட்டால் அந்த ஆசை நடக்காது, இப்போதே சொல்லிவைக்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல். கண்ணைக் கசக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல், உன் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

அன்புடன்,
உன் நண்பன்

பி.கு.: டி அண்ட் டியின் மூன்று தடிப் புத்தகங்களையும் வாங்கிப் பெட்டியில் திணித்துக்கொண்டு போகாதே, எடைதான் ஏறும். இரண்டு செட் பகடை மட்டும் எடுத்துக்கொள். அதையும் கைப்பையில் வை.