போர்டிங் பாஸை எத்தனை நாள் வைத்திருப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து டி.ஏ. (பயணப்படி) பில்லும் எல்.டி.சி. (விடுமுறைப் பயணச் சலுகை) பில்லும் பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். இன்றைக்கும் தெரிந்தவர்கள் யாராவது போன் போட்டு, "சார், அந்தமான் போயிட்டு வந்தோமே, அந்த போர்டிங் பாஸை இன்னும் வச்சிருக்கணுமா, கிழிச்சுப் போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் உங்கள் பத்திரிகை வழியாகவே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். கூடவே அலுவலகங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது.

முதலில், பயணப் பில்லோடு போர்டிங் பாஸையும் ஆபீஸில் ஏன் கேட்கிறார்கள் என்று பலருக்குக் கோபம். டிக்கெட்தான் கொடுத்துவிட்டேனே, பணம் கட்டிய ரசீதும் இருக்கிறதே என்பார்கள். டிக்கெட் என்பது காசு கட்டியதற்குத்தான் சாட்சி, போனதற்கு இல்லை. டிக்கெட் போட்டு, பில்லுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, மறுநாள் கேன்சல் செய்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஆட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. சின்ன ஆட்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் ராஜ்யசபா எம்.பி.க்கள் சிலர் மீதே போலி டிக்கெட், போலி போர்டிங் பாஸ் வைத்துப் பயணப்படி வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது, இதே மாதிரி இன்னொரு வழக்கில் ஒரு முன்னாள் எம்.பி.க்கு 2022-ல் தண்டனையும் கிடைத்தது. அப்படிப் பார்த்தால் போர்டிங் பாஸும் முழு சாட்சி இல்லைதான், செக்-இன் செய்தார் என்று மட்டுமே அது சொல்லும், ஆள் ஏறினாரா என்பது விமான நிறுவனத்தின் கணினிக்குத்தான் தெரியும். ஆனாலும் பில் பார்க்கிறவன் கையில் இருப்பது அந்தச் சீட்டு மட்டும்தானே.

எல்.டி.சி.யில் முன்பணம் வாங்கியிருந்தால் ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் பில் கொடுக்க வேண்டும், வாங்காவிட்டால் மூன்று மாதம். அதுவரை போர்டிங் பாஸ் பத்திரமாக இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பில் பாஸ் ஆகிப் பணம் வந்த பிறகும் கதை முடிவதில்லை. ஆடிட் பார்ட்டி எப்போதோ வந்து உட்கார்ந்து பழைய ஃபைலைப் புரட்டும்போது, அதில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் வெள்ளையாக இருக்கும். நானே பார்த்திருக்கிறேன், குண்டூசி குத்திய இடத்தில் துரு மட்டும் தெரியும், பெயர், தேதி, விமான எண் எல்லாம் போயே போச்சு.

காரணம் அந்தத் தாள்தான். கவுண்டரில் இப்போது கொடுப்பது பெரும்பாலும் தெர்மல் பேப்பர். அதில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற ரசாயனப் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயில், வியர்வை, கையில் தடவிய எண்ணெய், பிளாஸ்டிக் கவர் எது பட்டாலும் மங்கிவிடும். சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவருக்குள் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கல்லூரிப் பையன் அவனுடைய அப்பத்தாவின் போர்டிங் பாஸை லேமினேஷன் போடக் கொண்டு வந்தான். அவர் முதல்முறையாக விமானம் ஏறியதாம், சிங்கப்பூரில் பேத்தி பிரசவத்துக்குப் போனாராம். கடைக்காரர், "தம்பி, இது ஏ.டி.எம். ஸ்லிப் தாளு, மெஷின்ல விட்டா கறுத்துரும்" என்று சொல்லத்தான் செய்தார். பையன் கேட்கவில்லை. சீட்டு மெஷினுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தபோது ஒரே கறுப்பு, ஓரத்தில் விமான நிறுவனத்தின் சின்னம் மட்டும் பாக்கி. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஞாபகத்துக்கு வைக்கிறவர்கள் ஜெராக்ஸ் எடுத்து அதை லேமினேட் செய்யுங்கள். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஞாபகத்துக்கு வைப்பதைக் கேலி செய்கிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் சென்னைக்கு விமானத்தில் கூட்டிப் போனார், ஊர்ப் பெரியவர்களை ஒருவர் சொந்தச் செலவில் கூட்டிப் போனார் என்று உங்கள் பத்திரிகையிலேயே அவ்வப்போது படிக்கிறோம். அந்தப் பிள்ளைகள் வீட்டில் அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தால் அதற்குக் காலக்கெடு வைக்க நாம் யார்.

அப்புறம் மைலேஜ் கணக்கு. விமான நிறுவனங்களில் உறுப்பினராக இருப்பவர்களுக்குப் பறந்த தூரத்துக்கோ கட்டிய பணத்துக்கோ பாயின்ட் ஏற வேண்டும். ஏறாவிட்டால் போர்டிங் பாஸைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கும், அதற்கும் பல நிறுவனங்களில் ஆறு மாதம், சிலவற்றில் ஒரு வருடம் என்று கெடு உண்டு. பெட்டி தொலைந்தாலும் இதே சீட்டுதான், ஏனென்றால் லக்கேஜ் ஸ்லிப்பை அதன் பின்னால்தான் ஒட்டிக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தாமதமாக வந்தால் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள், கோர்ட்டுக்குப் போவதென்றால் 2 வருடம். இந்தியாவும் 2009-ல் சேர்ந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இருக்கிற கெடு இது. பெட்டி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டால் அந்த ஸ்லிப் வேண்டியதில்லை.

உண்மையிலேயே ரொம்ப நாள் வைத்திருக்க வேண்டியவர்கள் வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து துபாய், சிங்கப்பூர் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஒரு நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதை வைத்துத்தான் வருமான வரியில் அவர் என்.ஆர்.ஐ.யா இல்லையா என்று முடிவாகிறது, பொதுவாக 182 நாள் கணக்கு. முன்பெல்லாம் பாஸ்போர்ட்டைப் புரட்டினால் முத்திரை பேசும். இப்போது சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு முத்திரை குத்துவதில்லை, அனுமதிச் சீட்டு மின்னஞ்சலில் வருகிறது. ஐரோப்பாவிலும் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். கனடாவில் குடியுரிமை கேட்கிறவர் 5 வருடத்தில் 1,095 நாள் அந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும், வெளியே போய் வந்த தேதி ஒவ்வொன்றையும் எழுதச் சொல்வார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் போனோம் என்று நாலு வருடம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? தாளை மூட்டை கட்டச் சொல்லவில்லை, படமெடுத்து வருட வாரியாக ஒரு மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

வைத்திருப்பதைவிட எனக்குப் பெரிய கவலை எறிவதில்தான். பெருங்குடியில் நம் மதுரை விமான நிலையத்தில் இறங்கி வெளியே வருகிறவர்கள் கால் டாக்ஸிக்குக் கை காட்டிக்கொண்டே சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். போகும்போதோ, செக்-இன் முடிந்ததும் போர்டிங் பாஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்! அதிலிருக்கும் பார்கோடில் பெயர், பி.என்.ஆர்., விமான எண், இருக்கை, மைலேஜ் உறுப்பினர் எண்கூட இருக்கலாம், இலவச ஆப் ஒன்று இருந்தால் யாரும் படித்துவிடலாம். பி.என்.ஆரும் பெயரின் கடைசிப் பகுதியும் தெரிந்தால் பல நிறுவனங்களின் இணையதளத்தில் அந்த டிக்கெட்டுக்குள் நுழைந்துவிடலாம், திரும்பி வரும் டிக்கெட்டை மாற்றவோ ரத்து செய்யவோகூட முடியும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-ல் தன் போர்டிங் பாஸை இன்ஸ்டாகிராமில் போட, அதை வைத்து ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் போன் நம்பரையும் கண்டுபிடித்துவிட்டார். நல்லவேளை, கண்டுபிடித்தவர் நல்லவர், அரசாங்கத்திடம் சொல்லிவிட்டார். எறிவதென்றால் பார்கோடை முதலில் நாலாகக் கிழித்துவிட்டு எறியுங்கள், அதுவும் பயணம் முழுக்க முடிந்த பிறகு.

இனி அலுவலகங்களுக்கு. தாளே இல்லாத காலம் வந்துகொண்டிருக்கிறது. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கிய டிஜி யாத்ரா இப்போது பல விமான நிலையங்களில் இருக்கிறது, முகத்தைக் காட்டி உள்ளே போகிறார்கள். ஐரோப்பாவில் ரயன்ஏர் என்ற விமான நிறுவனம் 2025 நவம்பர் 12 முதல் தாள் போர்டிங் பாஸையே நிறுத்திவிட்டு எல்லாம் போனில்தான் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் மட்டும் சில கணக்குப் பிரிவுகள் இன்னும் ஒரிஜினல் தாள்தான் வேண்டும், அதில் செக்யூரிட்டி சீல் இருக்க வேண்டும் என்று பில்லைத் திருப்பி அனுப்புகின்றன. போனில் வைத்திருந்தவர், பயணம் முடிந்ததும் ஆப்பில் இருந்து அது மறைந்து போனபின் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பெயர் தகராறு வேறு: சர்வீஸ் புத்தகத்தில் எம். ராஜா, சீட்டில் முத்துச்சாமி ராஜா எம்.ஆர்., அந்த எம்.ஆர். மிஸ்டர்தான் என்று புரியவைக்கவே ஒரு கடிதப் போக்குவரத்து.

கணக்கு அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான். போனில் வந்த போர்டிங் பாஸின் பி.டி.எஃப். அல்லது அதன் பிரின்ட் செல்லும், அதுவும் இல்லாதவர் விமான நிறுவனத்திடம் பயணம் செய்ததற்கான சான்று வாங்கிக் கொடுத்தால் செல்லும் என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை போடுங்கள், ஊழியர் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அது அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். ஆடிட்டுக்கும் சந்தேகம் இருந்தால் அவர்களே நேரடியாக விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்குப் பிரிவு ஊழியர்,
திருநகர், மதுரை.