ரேஸ் மட்டும் ஓட்டினா போதாது, பிராக்டிஸும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சின்ன பாய்மரப் படகு ரேஸ் பத்தி உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன், இந்த விளையாட்டுக்கு பேப்பர்ல இடம் கிடைச்சதே ரொம்ப சந்தோஷம். ஆனா காத்து எப்படி திரும்புது, எந்தப் பக்கம் போனா லாபம்னு தான் முழுக்க இருந்துச்சு, படக கையாளுற பயிற்சி பத்தி ஒரு வரி கூட இல்ல. ரெண்டு பேர் ஓட்டுற படகுல க்ரூவா, அதாவது முன்பாய பாத்துக்கிற ஆளா இருக்கேன், அதனால சொல்றேன், எங்கள மாதிரி நடுவுல வர்ற டீமெல்லாம் இடத்த விடுறது பெரும்பாலும் அங்க தான்.

டேக் அடிக்கிறதையே எடுத்துக்கோங்க, அதாவது படகோட முன்பக்கத்த காத்துக்கு குறுக்கா திருப்பி பக்கம் மாத்துறது. காத்துக்கு நேரெதிரா பாய்மரப் படகு போகாது, ரெண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி விட்டு வளைஞ்சு வளைஞ்சு தான் மேல ஏறணும், ஒவ்வொரு தடவ பக்கம் மாத்தும்போதும் வேகம் கொஞ்சம் போகும். லேசான காத்துல இத ரோல் டேக்னு செய்வாங்க. முதல்ல படக பாய் இருக்குற பக்கம் லேசா சாய விட்டா அதுவே காத்துப் பக்கம் திரும்ப ஆரம்பிக்கும், சுக்கான வெடுக்குனு தள்ளக்கூடாது, தள்ளினா அது பிரேக் மாதிரி தண்ணிய அடைச்சுக்கும். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்திருக்குற பக்கமே வெயிட்ட போட்டு படக உருட்டணும், முன்பாய் பின்பக்கமா காத்து வாங்குற அந்த நொடி வரைக்கும் க்ரூ கயித்த விடக்கூடாது, பூம் (பெரிய பாயோட அடிக்கட்டை) தலைக்கு மேல தாண்டினதும் ரெண்டு பேரும் ஒண்ணா அந்தப் பக்கம் பாஞ்சு படக நிமித்தணும், நிமிரும்போதே கயித்த இழுக்கணும். சொல்ல இவ்ளோ நேரம் ஆகுது, நடக்குறது சில நொடி தான். இதுல ஒருத்தர் கொஞ்சம் முன்னாடி எழுந்தாலே எல்லாம் போச்சு.

ரேஸ்ல ஓட்டி ஓட்டியே இது வந்துடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, வராது. ரேஸ்ல கண்ணு பக்கத்து படகு மேல, சுத்தி வர வேண்டிய மிதவை மேல இருக்கும், கை பழைய தப்பையே திரும்பத் திரும்ப செய்யும். ரேஸ் இல்லாத நாள்ல அரை மணி நேரம் விசிலுக்கு விசில் டேக் அடிச்சுப் பாருங்க, அதுல கிடைக்கிறது வேற. எனக்கு ரொம்ப பிடிச்சது சுக்கான தொடாம ஓட்டுறது. பாய் பக்கம் சாஞ்சா படகு காத்து நோக்கி திரும்பும், எதிர்ப்பக்கம் சாச்சா விலகிப் போகும், பெரிய பாய இழுத்தா காத்து நோக்கி ஏறும், முன்பாய இழுத்தா விலகிப் போகும், இத உடம்பு புரிஞ்சுக்கிட்டா சுக்கானுக்கு பாதி வேலை குறையும். இன்னொண்ணு, ஒரு மிதவை பக்கத்துல ஒரு நிமிஷம் நகராம நிக்கிறது, கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா ஸ்டார்ட் கோட்டுல இடத்த பிடிச்சு வைக்கிறது முழுக்க இது தான். மிதவைய தொட்டுட்டா ஒரு சுத்து, வேற படகோட வழியில விதிய மீறினா ரெண்டு சுத்து பெனால்டி, அதையும் பழகி வச்சுக்கணும், ரேஸ் நடுவுல தடுமாறி சுத்துற படகு ரெண்டு மடங்கு நேரத்த விடும்.

பலமான காத்துக்கு அவசரப்படாதீங்க. காத்து வேகம் 10 நாட்ஸ்ல (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) இருந்து 20 ஆனா பாய் மேல அழுத்தம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. ஜைப் அடிக்க, அதாவது காத்து பின்னாடி இருக்கும்போது பாய பக்கம் மாத்த, பயந்து வேகத்த குறைக்கிறவங்க தான் அதிகமா கவுருறாங்க, படகு காத்தோட நல்லா வேகமா ஓடும்போது தான் பாய்ல பாரம் கம்மி, அப்ப தான் அடிக்கணும். கவுந்து நிமித்துறதையும் லைஃப் ஜாக்கெட் போட்டு, பக்கத்துல ஒரு மோட்டார் படகு நிக்க வச்சு பழகணும், கயித்தெல்லாம் தளர்த்திட்டு ஒருத்தர் சென்டர்போர்டு (படகு அடியில நீட்டிட்டு இருக்குற பலகை) மேல ஏறணும், இன்னொருத்தர் உள்ள மிதந்தா படகு நிமிரும்போதே அவர அள்ளிக்கிட்டு வந்துடும்.

ஹெல்ம், அதாவது சுக்கான் பிடிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், க்ரூவ திட்டிக்கிட்டே பழகாதீங்க, வாரத்துக்கு ஒரு தடவ இடம் மாறி உக்காருங்க. முன்னாடி உக்காந்து பாத்தா தான் நீங்க எவ்ளோ லேட்டா சொல்றீங்கன்னு தெரியும்.

கிளப் நடத்துறவங்களும் ரேஸ் முடிஞ்சதும் மிதவைய உடனே எடுக்காம ஒரு மணி நேரம் விட்டு வச்சா பயிற்சிக்கு வேற எதுவும் தேவையில்ல. இத பத்தி ஒரு கோச்கிட்ட பேசி உங்க பக்கத்துல போடுங்க, க்ரூ பக்கத்துல இருந்தும் ஒருத்தர கேளுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், ஒரு படகு க்ரூ