முக்குரு மக்களுக்குக் கிடைத்தது நமக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க நகரங்கள் என்றாலே நெரிசலும் குப்பையும்தான் நம் பேச்சில் வருகின்றன. கென்யாவின் நைரோபியில் முக்குரு என்ற குடிசைப் பகுதியில் நடந்ததையும் பேசுவோமே. ஒரு லட்சம் குடும்பங்கள் வரை தகரக் கொட்டகைகளில் வாழும் இடம், நிலமோ பெரும்பாலும் தனியார் கையில், வசதியானவர்கள் குழாய்த் தண்ணீருக்குக் கொடுப்பதைவிட இவர்கள் கேன் தண்ணீருக்கு அதிகம் கொடுக்கிறார்கள். 2017இல் நைரோபி கவுண்டி (உள்ளூர் நிர்வாக) அரசு அதைச் சிறப்புத் திட்டப் பகுதியாக, அதாவது தனி மேம்பாட்டுத் திட்டம் வகுக்க வேண்டிய இடமாக, அறிவித்தது. அப்புறம் பத்துப் பத்து வீடுகளாக மக்கள் கூடி, சாலை எங்கே, சாக்கடை எங்கே, எந்த வீடு நகர வேண்டும் என்று அவர்களே பேசினார்கள். இதுதான் ஜனநாயகம்!

அதே ஆண்டு நைஜீரியாவின் லாகோசில், நீதிமன்ற உத்தரவையும் மீறி, ஒட்டோடோ பாமே கரையோரக் குடியிருப்பு இடிக்கப்பட்டுப் பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். பினாங்குத் தமிழர்களுக்கு இந்த வலி புரியும். 2009இல் நம் மக்கள் வாழ்ந்த கம்போங் புவா பாலா கிராமம் இடிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை.

1957இல் டி.எஸ். இராமநாதன் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் முதல் மேயரானார், அன்று மாநகராட்சிக்குத் தேர்தல் இருந்தது. மலேசியாவில் 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் (மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளூர் மன்றங்களுக்கான தேர்தல்) இன்றுவரை திரும்பவில்லை. நம் தெருவைப் பற்றி முடிவெடுப்பவர்களை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தேர்தலை மாநில, மத்திய அரசுகள் உடனே மீட்டுத் தர வேண்டும்.

வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு